அரைப் புள்ளியின் அருமை

சதுரங்கத்தில் வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரைப் புள்ளி. டிரா என்றால் இருவரும் சலித்துக் கைகுலுக்கிக்கொள்வது என்றே அரூரில் ஆடும் நம் நண்பர்கள் பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. டிராவும் பாடுபட்டுப் பெறுவதே.

ஒரு போட்டியில் எதிரிக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும் இருந்தன. கறுப்புக் காய்களுடன் ஆடிய எனக்கு ராஜா மட்டுமே. அவருடைய சிப்பாய் நடுப்பத்தியில் நான்காம் கட்டத்தில். அதற்கு முன்கட்டத்தில் அவர் ராஜா. அதற்கு நேர் எதிரே, இடையில் ஒரே கட்டம் விட்டு, என் ராஜாவை நிறுத்தினேன். நகர்த்த வேண்டியவர் அவர். இதுவே ‘எதிர்நிலை’. அவர் ராஜா விலக, நானும் நேரெதிரே விலகினேன். சிப்பாய் ஆறாம் கட்டத்துக்கு வந்ததும், என் ராஜாவை அதே பத்தியில் நேர் பின்னே இறக்கினேன். பக்கத்துப் பத்தியில் இறக்கினால் தோல்விதான். முடிவில் சிப்பாய் ஏழாம் கட்டத்தில். அதைக் காக்க அவர் ராஜா அதன் பின்னே வந்தது. எனக்குச் செக் இல்லை, நகரவும் இடமில்லை. ஸ்டேல்மேட், டிரா!

இந்நுணுக்கம் உலகப் பட்டத்துக்கும் பொருந்தும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். டிங் லிரென் – சென்னை குகேஷ் 14ஆம் ஆட்டம். இருவரும் 6½ புள்ளிகள். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகமாயினும், யானைகளும் பிஷப்புகளும் இருந்தவரை டிராவே. 55ஆம் நகர்த்தலில் டிங் யானையை மாற்றிக்கொள்ள வழிவிட்டார், பிஷப்புகளும் வெட்டுப்பட்டன. 58ஆம் நகர்த்தலில் குகேஷின் ராஜா எதிர்நிலையைப் பிடித்தது. டிங் ஆட்டத்தைக் கைவிட்டார்.

ஆகவே நண்பர்களே, கடைசிக் காய்களை மாற்றுமுன், ராஜாக்கள் எதிரெதிரே நிற்கையில் நகர்த்த வேண்டியவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அரைப் புள்ளி அங்கேதான் இருக்கிறது.