ஆழ்கடல் வழிச் சென்ற தூது: ஆபித் ஹசன் சஃப்ரானியின் வாழ்வு, ஒரு நோக்கு

முன்னுரை

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, தன் மேல் பகை கொண்ட தொண்டைமானிடம் ஒளவையாரைத் தூது விடுத்தான். புத்தம் புதிதாகப் பளபளக்கும் தன் படைக்கலங்களைத் தொண்டைமான் காட்டினான். அவற்றைப் புகழ்வது போலப் புகழ்ந்து, தம் மன்னனின் படைக்கலங்களோ போரிற் சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடப்பவை என்று ஒளவையார் உணர்த்தினார். புறநானூற்றின் 95-ஆம் பாடல் இந்நிகழ்ச்சியைப் பேசுகின்றது. தகடூர் இன்றைய தருமபுரி. 1965 வரை அது நம் சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. எனவே தூது என்பது நாம் நூலில் மட்டும் கற்கும் பொருளன்று. நம் மண்ணிலிருந்து நடந்து சென்ற பொருளுமாகும்.

திருவள்ளுவர் பொருட்பாலில் 'தூது' என ஓர் அதிகாரமே வகுத்தார். அதற்கு உரை கண்ட பரிமேலழகர் தூதரை இருவகைப்படுத்துவார். தானே சூழலறிந்து வகுத்துக் கூறுவான் ஒருவன். பிறர் கூறியதை அவ்வாறே சென்று கூறுவான் மற்றொருவன். இவ்விரு நிலைகளிலும் நின்று, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றில் ஏறக்குறைய பதினோரு வாரம் பயணம் செய்து, பின்னாளில் சுதந்திர இந்தியாவின் தூதராகவே உயர்ந்த ஆபித் ஹசன் சஃப்ரானி என்னும் பெருமகனைப் பற்றி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்வியைத் துறந்த இளைஞர்

ஆபித் ஹசன் 1911-இல் ஹைதராபாத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சைனுல் ஆபிதீன் ஹசன். விடுதலை உணர்வு மிக்க குடும்பம் அது. அவர்தம் அன்னையார் அந்நிய ஆட்சியை வெளிப்படையாக எதிர்த்தவர். அண்ணன் பத்ருல் ஹசன் காந்தியடிகளின் வழி நின்றவர். பொறியியல் பயிலப் பெர்லின் சென்றிருந்த ஆபித் ஹசன், 1941-இல் அந்நகர் வந்து சேர்ந்த நேதாஜி சுபாஷ் சந்திர போசைக் கண்டார். கண்டபின் படிப்பைத் தொடரவில்லை. நேதாஜியின் செயலாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணி ஏற்றார்.

வட ஆப்பிரிக்கப் போர்முனையில் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு ஜெர்மனியில் ஒரு படை திரட்டப்பட்டது. பெர்லினிலிருந்து 'ஆசாத் ஹிந்த்' வானொலி இந்திய மொழிகள் பலவற்றில் ஒலித்தது. தமிழும் அவற்றுள் ஒன்று.

அப்படையில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஒருவர் 'நமஸ்தே' என்பார். ஒருவர் 'ஸலாம்' என்பார். சீக்கியர் 'சத் ஸ்ரீ அகால்' என்பர். வணங்கும் சொல்லே பிரித்துக் காட்டியது. அனைவர்க்கும் பொதுவான ஒரு சொல் வேண்டும் என்று நேதாஜி விரும்பியபோது, ஆபித் ஹசன் முதலில் சற்று நீண்டதொரு தொடரைச் சொல்லிப் பார்த்து, பின் அதனைச் சுருக்கி 'ஜெய் ஹிந்த்' என்று வழங்கினார் என்பர். இச்சொல்லை முதலில் முழங்கியவர் செண்பகராமன் பிள்ளை என்னும் வழக்கு தமிழகத்தில் வலுவாக உண்டு. அவர் 1934-இலேயே பெர்லினில் மறைந்தார். முதலில் உரைத்தவர் யாராயினும், ஒரு படை முழுவதற்கும் பொது வணக்கமாக அதனை நிலைநிறுத்தியதில் ஆபித் ஹசனுக்குரிய இடத்தை மறுத்தல் இயலாது. சொல்லைத் தேடுவது புலவர் தொழில் என்றே நாம் எண்ணுகிறோம். பொறியியல் மாணவர் ஒருவர் தேடிய சொல், 1947 நவம்பரில் சுதந்திர இந்தியாவின் முதல் அஞ்சல் தலையில் தேசியக் கொடியோடு அச்சாகியது.

கம்பியில்லாத் தந்தியும் மௌனமும்

1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் புறப்பட்டது. தலைவர் வெர்னர் மூசன்பெர்க். அதில் நேதாஜியும் அவருக்குத் துணையாக ஆபித் ஹசன் ஒருவருமே இந்தியர். எங்குச் செல்கிறோம் என்பது கூட ஆபித் ஹசனுக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை.

நீர்மூழ்கிக் கப்பலின் வாழ்வு எத்தகையது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். டீசல் நெடி எங்கும் பரவியிருக்கும். குளிக்க நீரில்லை, நிமிர்ந்து நடக்க இடமில்லை. கப்பலின் நீளம் ஏறத்தாழ 87 மீட்டர். எனினும் பொறிகளும் மின்கலங்களும் வெடிகணைகளும் கொண்ட இடம் போக மனிதருக்கு எஞ்சியது சிறிதே. அங்குக் கப்பல் தலைவரின் படுக்கைக்கு எதிரே ஒரு சிற்றறை இருக்கும். கம்பியில்லாத் தந்திப் பணியாளர் காதில் கேட்பொறியைப் பொருத்திக்கொண்டு இரவும் பகலும் மாறி மாறி அமர்ந்திருப்பது அங்கேதான். நீருக்கு மேல் வந்தால் வானொலிச் செய்தியைக் கேட்பார். நீருக்குள் மூழ்கினால் பகைக் கப்பலின் சுழலி ஓசையைக் கேட்பார். கப்பலில் உள்ள அனைவர்க்கும் கண்ணில்லாத நேரத்தில் அவரே செவி.

வரும் செய்தி 'எனிக்மா' என்னும் பொறியால் மறைகுறியாக்கப்பட்டிருக்கும். அதனை எழுத்தெழுத்தாக விடுவித்துத் தலைவரிடம் நீட்டுவார். ஒரு சொல்லையும் கூட்டார், குறையார். பரிமேலழகர் கூறும் இரண்டாம் வகைத் தூதுவருக்கு இவரினும் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை.

அவருக்கு அதனினும் கடினமான கடமை ஒன்று உண்டு. அது பேசாதிருத்தல். கப்பலிலிருந்து ஒரு சிறு செய்தி அனுப்பினாலும், அவ்வலை வந்த திசையைக் கருவி கொண்டு அளந்து நேசநாட்டுக் கப்பல்கள் இடத்தைக் கண்டுவிடும். மேலும், ஜெர்மானியர் உடைக்கவே முடியாது என்று நம்பிய எனிக்மா மறைகுறியை இங்கிலாந்தின் பிளெச்லி பார்க்கில் இருந்த அறிஞர்கள் 1942 டிசம்பரில் மீண்டும் உடைத்திருந்தனர். ஆக, நா காத்தலே உயிர் காத்தலாயிற்று. நாம் வகுப்பறையில் அறவுரையாகப் படிப்பது அங்கு அன்றாடக் கட்டளையாக இருந்தது.

அப்பயணத்தில் ஆபித் ஹசனின் பணியும் இத்தகையதே. நேதாஜி தம் நூலைத் திருத்துவார், உரைகளை வகுப்பார், அவர் சொல்லச் சொல்ல இவர் எழுதுவார். ஜப்பானியத் தலைவர்களைச் சந்திக்கும்போது எவ்வாறு வினவுவர், எவ்வாறு விடையிறுப்பது என்று ஒத்திகை பார்த்தபோது, எதிர்ப்பக்கத்தில் இருந்து கேள்வி கேட்டவரும் இவரே. ஒருமுறை கப்பல் பெரும் ஆபத்தில் சிக்கி, கையில் எழுதுகோல் அசையாது இவர் திகைத்திருந்தார். நேதாஜியோ, ஒரே கருத்தை இருமுறை கூறியும் இன்னும் எழுதவில்லையே என்று அமைதியாக நினைவூட்டினாராம். தம் அச்சத்தை மறைக்காது இதனைப் பின்னாளில் எடுத்துரைத்தவர் ஆபித் ஹசனே என்பது நோக்குதற்குரியது.

அக்கப்பலில் சிறுபொதி அரிசியும் பருப்பும் கண்டெடுத்து அவர் கிச்சடி சமைத்தார் என்பது இன்னொரு செய்தி. பல நாள் வெறுத்துப்போன நாவுக்கு அதுவே விருந்து. அதனையும் நேதாஜி ஜெர்மானிய அதிகாரிகளுக்குப் பகிர்ந்தளிக்க, அரிசி தீர்ந்துவிடுமே என்று இவர் கவலையுற்றார். வரலாற்றின் பெரும் பயணங்களிலும் அடுப்படிக் கவலை ஒருவருக்கு இருந்தே தீரும்.

கடல் நடுவே ஒரு சந்திப்பு

ஏப்ரல் 18 அன்று தென்னாப்பிரிக்கக் கடற்பகுதியில் யு-180, 'கோர்பிஸ்' என்னும் பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை வெடிகணையால் மூழ்கடித்தது. அதன் மாலுமிகளிற் பெரும்பாலோர் மாண்டனர். விடுதலை வேண்டிச் செல்லும் இருவர், அம்மரணத்தை விளைத்த கப்பலுக்குள்ளேயே இருந்தனர். இதனை மறைத்து வரலாறு எழுதுதல் நேர்மையாகாது.

பத்து நாள் கழித்து, ஏப்ரல் 28-இல், மடகாஸ்கர் தீவுக்குத் தென்கிழக்கே திறந்த கடலில் ஐ-29 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் காத்திருந்தது. கொந்தளித்த அலைகளின் நடுவே ஒரு சிறு ரப்பர் படகில் நேதாஜியும் ஆபித் ஹசனும் கப்பல் மாறினர். ஜப்பானியக் கடற்படை அதிகாரிகள் இருவர் இப்பக்கம் வந்தனர். வேறு வேறு மொழி பேசும் இரு கடற்படைகள், எல்லையற்ற நீர்ப்பரப்பில் குறித்த புள்ளியில் ஒன்றையொன்று கண்டுகொண்டதன் பின்னால், பெயர் அறியப்படாத தந்திப் பணியாளரின் செவிக்கூர்மை இருந்தது. மே மாதத் தொடக்கத்தில் சுமத்ராவின் வடமுனையில் உள்ள சபாங்கில் இருவரும் கரையேறினர். அவர்களைச் சுமந்த இரு கப்பல்களும் 1944-இல் கடலுக்குள் மூழ்கிப்போயின.

இங்கு ஓர் ஐயம் எழும். இட்லரின் ஆட்சி யூதர் முதலிய இலட்சக்கணக்கான மக்களைக் கொன்று குவித்த கொடுங்கோன்மை. அதன் துணையை நாடியது தகுமா? இதே காலத்தில் காந்தியடிகள் சிறையில் இருந்தார். நம் சேலத்து மூதறிஞர் ராஜாஜி, 1942-இன் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தோடு கருத்து மாறுபட்டு வேறொரு வழியை எடுத்துரைத்தார். நாமக்கல் கவிஞர் அறப்போரைப் பாடியவர். விடுதலை என்னும் ஒரே ஊருக்கு வழிகள் பலவாயின. தியாகத்தை மதிப்பதற்காகத் துணைவரின் கொடுமையை மறக்க வேண்டுவதில்லை. கொடுமையைக் கண்டிப்பதற்காகத் தியாகத்தை அழிக்கவும் வேண்டுவதில்லை. இரண்டையும் ஒருங்கே மனத்திற் கொள்வதே கற்றவர் கடன்.

இம்பாலும் அதன் பின்னும்

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் தலைமை ஏற்றார். அவர் இந்துஸ்தானியிற் பேச, தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது. கேட்டவர்களிற் பெருந்தொகையினர் மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர். சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து கங்காணி முறையிற் சென்ற குடும்பங்களின் மக்கள் அவர்கள். பால்மரம் சீவிய கைகள் துப்பாக்கி ஏந்தின.

தற்காலிக அரசின் நாட்டுப்பாடலை உருவாக்குவதிலும் ஆபித் ஹசனுக்குப் பங்குண்டு. எழுதுகோலோடு நில்லாது 1944-இல் இம்பால் போர்முனைக்கும் அவர் சென்றார். மழையும் மலேரியாவும் பசியும் படையை உருக்குலைத்தன. அப்பின்வாங்கலைப் பற்றிப் பின்னாளில் அவர் எழுதிய 'இம்பாலின் மனிதர்கள்' என்னும் உரை 1971-இல் கல்கத்தாவில் வெளியாயிற்று. பலூச்சியர், சீக்கியர், பட்டாணியர், மலையாளியர், தமிழர் என எல்லாப் பகுதியினரும் ஓரணியாய் நின்றதையே அவர் அதில் நினைந்து போற்றுகின்றார், தம்மைப் போற்றவில்லை.

1945 ஆகஸ்ட் 17 அன்று சைகோனில் நேதாஜியோடு விமானத்தில் ஏற ஒரு துணைவருக்கே இடம் கிடைத்தது. ஹபீபுர் ரஹ்மான் ஏறினார். ஆபித் ஹசன் பின்தங்கினார். மறுநாள் தைப்பேயில் அவ்விமானம் வீழ்ந்தது. ஆபித் ஹசன் கைதாகிச் சிங்கப்பூர்ச் சிறையில் விசாரிக்கப்பட்டு, 1946-இல் விடுதலை பெற்றார்.

1948-இல் அவர் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். பல நாடுகளில் பணியாற்றி, டென்மார்க்கில் இந்தியத் தூதராக விளங்கி, 1969-இல் ஓய்வு பெற்றார். ஒருவர் கூறியதை எழுதிச் சென்ற கை, இப்போது நாட்டின் சார்பில் தானே வகுத்துக் கூறும் நிலையை எய்தியது. காவி வண்ணத்தைக் குறிக்கும் 'சஃப்ரானி' என்ற பெயரைத் தம் பெயரோடு தாமே இணைத்துக்கொண்டார். தொழுகையை விடாத ஒரு முஸ்லிம், கொடியின் மற்றொரு நிறத்தையும் தன்னுடையது என்று உரிமை கொண்டாடியதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

ஹைதராபாத்தில் எளிய வாழ்வு நடத்திய அவர் 1984-இல் மறைந்தார். அவர்தம் அண்ணன் மகள் சுரையா ஹசன் போஸ், மங்கி வந்த ஹிம்ரூ, மஷ்ரூ நெசவுகளுக்கு உயிரூட்டியவர். நேதாஜியின் அண்ணன் மகனை மணந்தவரும் அவரே. சித்தப்பாவின் நினைவாக அவர் ஒரு பள்ளியையும் நிறுவினார். தறியோசையில் வளர்ந்த சேலத்து மாணவர்க்கு இச்செய்தி உவகை தரும்.

முடிவுரை

இவ்வரலாற்றை வகுப்பில் கூறியபோது, நாமக்கல் பக்கத்து மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, எங்கள் அப்பா லாரியில் வடக்கே போகும்போது கூட ஓர் ஆள் போவார். இரவெல்லாம் விழித்துப் பேச்சுக் கொடுத்து வருவது அவர்தான். ஆனால் லாரி ஓட்டியவர் என்று அப்பாவைத்தான் எல்லோரும் சொல்வார்கள்" என்றார். என் உரை விளக்கத்தைவிட அது சிறந்திருந்தது.

நம் வட்டாரத்திலிருந்து மலேயாவும் பர்மாவும் சென்று, அப்படையில் நின்று, திரும்பியவரும் திரும்பாதவரும் உளர். அவர்களின் கடிதங்களும், பழைய படங்களும், தியாகி ஓய்வூதியத் தாள்களும் இன்னும் சில வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கிடக்கலாம். பெட்டியைத் திறந்து பொருள் சொல்லக்கூடிய பெரியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். மாணவர்கள் விடுமுறையில் ஊர் செல்லும்போது, அவர்தம் பாட்டனார் பாட்டியாரிடம் கேட்டு, ஒவ்வொரு பெயரையும் ஊரோடும் ஆண்டோடும் எழுதி வருவாராயின், அதுவே தமிழ்த்துறை செய்யத்தக்க தூதுப் பணியாகும். கேட்டதைக் கூட்டாமல், குறைக்காமல் எழுதுங்கள். அது முதல்நிலை. எழுதியதைக் கொண்டு நீங்களே வகுத்துக் கூறும் நாளும் பின்னர் வரும்.