வீட்டைப் பார்வையிடுதலும் அறிக்கை எழுதுதலும்

"மேற்படி வீடு நேரில் பார்வையிடப்பட்டது. கூரை பழுதடைந்துள்ளது. சிறுபழுது பார்த்தால் போதுமானது."

இந்த மூன்று வாக்கியங்களின் கீழ் நான் ஒரு சமயம் கையொப்பமிட்டிருக்கிறேன். அது ஒரு பழைய தொகுப்பு வீடு. அதில் ஒரு மூதாட்டியும் அவருடைய பேரனும் குடியிருந்தனர். அறிக்கையின்படி கொத்தனார் வந்து, கூரையின் அடிப்புறத்தில் உதிர்ந்திருந்த இடத்தைச் சிமெண்டுக் கலவையால் பூசி, வெள்ளையும் அடித்துவிட்டுப் போனார். அடுத்த ஐப்பசி மழையில், ஒரு நாள் காலை, பூசிய பூச்சு மட்டுமன்றி அதைச் சுற்றியிருந்த கான்கிரீட்டும் பெயர்ந்து கட்டிலின்மேல் விழுந்தது. பேரன் பள்ளிக்குச் சென்றிருந்தான். மூதாட்டி ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தார். நான் சென்று பார்த்தபோது அந்த அம்மையார் சொன்னது இதுதான்: "பூசும்போதே சொன்னேன் ஐயா, உள்ளே கம்பி உப்பிப் போச்சுன்னு. எழுதிக்கிட்டுப் போனவரு அதைக் கேட்டுக்கல்லே."

அறிக்கை எழுதியவர் சோம்பேறியல்லர். ஒரே நாளில் பல வீடுகளைப் பார்த்து முடிக்கவேண்டிய நிலையில் இருந்தார். எனினும், அந்த மூன்று வாக்கியங்களைப் படித்த எனக்குக் கூரையின் எந்த இடம், எவ்வளவு பரப்பு, என்ன காரணம் என்று கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஆகவே குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

அரசுத் திட்டங்களின் கீழ் 2000-2001ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்டுப் பழுதடைந்த ஊரக வீடுகளைச் சீர்செய்யத் தமிழ்நாடு அரசு 2024இல் ஒரு திட்டம் வகுத்தது. சிறுபழுது, பெரும்பழுது என்று வகை பிரித்து நிதி ஒதுக்கும் ஏற்பாடு அது. இவ்வாறான எந்தத் திட்டத்திலும், எந்த வீடு எந்த வகையில் சேரும் என்பதைத் தீர்மானிப்பது பார்வையிட்டவர் எழுதும் தாள்தான். காரியாலயத்தில் அதைப் படிப்பவர் அவ்வீட்டைக் கண்டதில்லை, பெரும்பாலும் காணப்போவதுமில்லை. அவருடைய கண்ணுக்குப் பதிலாக நாம் நின்று எழுதுகிறோம் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும், பட்டியல் தயாரிக்க உடன் செல்வோரும் மனத்திற்கொள்ள வேண்டும்.

பார்வையிடச் செல்பவர் முதலில் செய்யவேண்டியது, குடியிருப்பவரைக் கேட்பது. "வீட்டில் என்ன பழுது?" என்று கேட்டால், "எல்லாம் பழுதுதான்" என்றுதான் பதில் வரும். "மழை பெய்யும்போது பாத்திரத்தை எங்கே வைப்பீர்கள்? இரவில் யார் எங்கே படுப்பார்கள்? இந்த வெடிப்பை முதலில் எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டால், பொறியாளருக்கே பயன்படக்கூடிய செய்திகள் கிடைக்கும். வீட்டில் பகல் முழுவதும் இருப்பவர்கள் பெண்களாதலால் அவர்களிடம் கேட்பது மிகவும் அவசியம். திண்ணையில் அமர்ந்து குடும்பத்தலைவரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்புவது பார்வையிடல் ஆகாது.

அடுத்தது கான்கிரீட்டுக் கூரை. கான்கிரீட்டிலுள்ள காரத்தன்மை உள்ளேயிருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. நாளடைவில் காற்றிலுள்ள கரியமிலவாயு மெல்ல உட்புகுந்து அக்காரத்தைக் குறைத்துவிடுகிறது. கம்பிக்குக் கீழே போதிய கனம் கான்கிரீட்டு இல்லாத கூரையில் இது விரைவில் நேர்கிறது. கடலோரக் கிராமங்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. அதன்மேல் மழைநீர் கசிந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருவின் பருமன் அது உண்டாகக் காரணமான இரும்பின் பருமனைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இருக்கும். விதை முளைக்கும்போது மண்ணைப் பிளப்பதுபோல் அது கான்கிரீட்டைப் பிளக்கிறது. மூதாட்டி "கம்பி உப்பிப் போச்சு" என்று சொன்னது சாத்திரப்படி முற்றிலும் சரியான வாக்கு.

ஆகையால், கூரையின் அடிப்புறத்தில் நேர்கோடாக ஓடும் வெடிப்பையும் செம்பழுப்புக் கறையையும் கண்டால், அங்கே பூச்சு வேலை பயன் தராது. கம்பி இருக்கும் வரிசையிலேயே அக்கோடு ஓடுவதைக் காணலாம். ஒரு நீண்ட கழியை எடுத்து, தலைக்கு நேர்மேலே தட்டாமல் சற்று எட்ட நின்று, மெல்லத் தட்டிப்பார்க்க வேண்டும். உறுதியான இடம் கெட்டியாக ஒலிக்கும். உள்ளே பிரிந்துவிட்ட இடம் காலிப் பானையைத் தட்டியதுபோல் பொள்ளலாக ஒலிக்கும். கண்ணுக்கு இரண்டு சதுர அடி தெரியும் பழுது, காதுக்குப் பத்துச் சதுர அடியாகத் தெரிவதுண்டு. இக்காலத்தில் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புகிறார்கள், நல்லதுதான். ஆனால் படத்தில் ஓசை பதிவதில்லை. படமெடுக்கும்போது முதலில் அறை முழுவதும் தெரிய ஒன்று, பின்னர் அளவுகோலையோ தீப்பெட்டியையோ பக்கத்தில் வைத்து அருகிலிருந்து ஒன்று என எடுத்தால் பார்ப்பவருக்கு அளவு விளங்கும்.

சுவர் வெடிப்புக்கள் பலவகை. தளத்தை ஒட்டிச் சுவரின் உச்சியில் கிடையாக ஓடுவது, வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் பெரும்பாலும் உண்டாவது. வீடு இதனால் விழுந்துவிடாது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகவோ, செங்கல் வரிகளைத் தொடர்ந்து படிக்கட்டுப்போலவோ இறங்குவது கடைக்கால் அமிழ்ந்ததைக் குறிக்கலாம். கரிசல் மண்ணில் இது சாதாரணம். மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, வீட்டை ஆண்டுதோறும் தூக்கி இறக்குகிறது. வெடிப்பு வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதுதான் அறியவேண்டிய விஷயம். இதற்குக் காசு செலவில்லாத வழியொன்று உண்டு. வெடிப்பு முடியும் இடத்தில் பென்சிலால் குறுக்குக்கோடிட்டுத் தேதி எழுதுங்கள். வெடிப்பின் குறுக்கே சிறிது சுண்ணச்சாந்தைப் பட்டையாக அப்பி அதன்மேலும் தேதி எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்துச் சாந்து பிளந்திருந்தால், சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள். அசையும் சுவரின் வெடிப்பில் சிமெண்டை அடைப்பது வீண்.

ஈரமும் அவ்வாறே காரணம் கண்டு எழுதப்பட வேண்டும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை நின்று உப்புப் பூத்திருந்தால், அது நிலத்தடி ஈரம் ஏறியது. மேலிருந்து வழிந்தால் தளத்துக் கசிவு; மொட்டைமாடித் தூம்பில் இலைச்சருகு அடைத்துக் குளம்போல் நீர் தேங்கியிருப்பதை ஏறிப்பார்த்த பிறகே பலமுறை கண்டிருக்கிறேன். அதற்குரிய வைத்தியம் ஒரு துடைப்பம். கரையான் மண்கோடு, மின்கம்பியின் தோலுரிந்த இடம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இவற்றைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை.

வீட்டை மட்டும் பார்ப்பதும் போதாது. 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன், கொட்டும் மழையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் உயர்ந்த சுற்றுச்சுவரொன்று இடிந்து பக்கத்திலிருந்த வீடுகளின்மேல் விழுந்து, உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அவ்வீடுகளுக்குள் மட்டும் நுழைந்து எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருந்தாலும் அந்த அபாயம் அறிக்கையில் ஏறியிராது. சுற்றிலும் ஒரு முறை நடந்து, அயலார் சுவர், சாய்ந்த மரம், மண் அணைத்த தடுப்புச்சுவரில் நீர் வடியத் துளையுண்டா என்பன போன்றவற்றையும் எழுத வேண்டும்.

இனி எழுதும் முறை. நான் கையொப்பமிட்ட அந்த அறிக்கை இவ்வாறு இருந்திருக்க வேண்டும்: "கூடத்தின் வடமேற்கு மூலையில் மூன்றடிக்கு இரண்டடி அளவில் கூரையின் அடிக்கான்கிரீட்டு உதிர்ந்துள்ளது. நான்கு கம்பிகள் தெரிகின்றன. நான்கிலும் துரு செதிளாக உரிகிறது. கழியால் தட்டியதில் சுற்றிலும் ஓரடி வரை பொள்ளலாக ஒலிக்கிறது. அதன் நேர்கீழே கட்டில் உள்ளது. இரண்டு மழைக்காலமாகக் கசிவதாகக் குடியிருப்பவர் கூறுகிறார். ஏணி இல்லாமையால் தளத்தின் மேற்புறம் பார்க்கப்படவில்லை. கம்பி துருப்பிடித்ததே காரணம் எனக் கருதுகிறேன், பூச்சு போதாது. பொறியாளர் பார்த்து முடிவு செய்ய வேண்டும்."

இதில் கண்டது, கேட்டது, கருதுவது ஆகிய மூன்றும் கலவாமல் நிற்பதைக் கவனிக்கலாம். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதியிருப்பதும் முக்கியம். பலர் இதை அவமானமாக நினைத்து, "மேல்தளம் நன்று" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லை நம்பிக் காரியாலயத்தில் கோப்பு மூடப்பட்டுவிடும். பஞ்சாயத்து அங்கத்தினர் பொறியாளர் அல்லர். "இடிக்க வேண்டும்", "அபாயமில்லை" என்ற இரண்டு தீர்ப்புக்களையும் அவர் எழுதாதிருப்பது நலம். வேண்டியவர் வீட்டில் மயிரிழைக் கீறலைப் பெரும்பழுதாகவும், வேண்டாதவர் வீட்டில் பெரும்பழுதைக் கீறலாகவும் எழுதும் வழக்கத்தை அறியாதவர் யார்? அளவையும் இடத்தையும் குறிக்கச் சொன்னால் அவ்வழக்கம் பெரிதும் அடங்கிவிடுகிறது. அடிக்கோலுக்கு உறவுமுறை தெரியாது.

அபாயம் கண்ட இடத்தில் அறிக்கை மேலிடம் போய்த் திரும்பும்வரை காத்திருக்கலாகாது. கட்டிலை நகர்த்தச் சொல்ல வேண்டும். அந்த அறையில் படுக்க வேண்டாம் என்று வீட்டார் அனைவரும் கேட்கச் சொல்ல வேண்டும். சொன்ன நாளை அறிக்கையில் குறிக்க வேண்டும். சவுக்குக் கழிகளால் முட்டுக்கொடுப்பதாயின் விவரமறிந்த மேஸ்திரியைக் கொண்டு செய்வித்தல் நன்று. முறையின்றிக் கொடுத்த முட்டு கேடு விளைவிக்கும்.

மூதாட்டியின் வீட்டில் துருவேறிய பகுதியை வெட்டியெடுத்துப் புதுக்கம்பி சேர்த்துக் கட்டினோம். வேலை நடந்த நாட்களில் அவரும் பேரனும் எதிர்வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தனர். இப்போது எங்கள் ஒன்றியத்தில் ஒவ்வோர் அறிக்கையின் நகலும் வீட்டாரிடம் கொடுக்கப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துக்காட்டப்படுகிறது. தவறான அளவுகளை அங்கேயே அவர்கள் திருத்திவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், பார்வையிடலை ஆடி மாதத்திற்குள் முடித்து, பென்சில் கோடிட்ட சுவர்களைப் புரட்டாசியில் மறுமுறை பார்த்துவருகிறோம்.