போருக்குப் போனவரின் வீட்டுக்கு யார் துணை?

இப்பாடத்தின் நோக்கம்: போருக்குச் சென்ற, போரில் காயமுற்ற, காணாமற்போன படைவீரர்களுக்கும் அவர்களது குடும்பங்களுக்கும் சாதாரண மக்களாகிய நாம் செய்யக்கூடிய உதவிகளை அறிந்துகொள்வது. மாதர் சங்கங்களிலும் இளைஞர் கழகங்களிலும் வாசித்துக் கலந்துரையாட ஏற்றது.

1. இது நமக்கு எதற்கு?

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. "முடிந்த கதையை ஏன் கிளற வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தாலும் இழந்த கால் மீண்டும் முளைப்பதில்லை. இருபது வயதில் மிதிவெடியில் கால் இழந்தவர் இன்று நடுத்தர வயதைக் கடந்துகொண்டிருக்கிறார். வயதோடு அவருடைய சிரமமும் கூடுகிறது. அவரைக் கவனித்த தாயோ முதுமையடைந்துவிட்டாள்.

ஊவாவின் கிராமங்களிலிருந்து ஏராளமான சிங்கள இளைஞர்கள் படையில் சேர்ந்தார்கள். காணியும் தொழிலும் போதாத வீட்டுக்கு மாதச் சம்பளம் பெரிய ஆதாரம். மறுபுறம், 1977, 1983 வன்செயல்களின்போது மலையகத்தைவிட்டு வன்னியில் குடியேறிய நமது உறவினர்களின் பிள்ளைகளில் சிலர் எதிர்த்தரப்பில் நின்றார்கள். சிலர் விரும்பிச் சேர்ந்தார்கள், சிலர் கட்டாயமாகப் பிடிக்கப்பட்டார்கள். மலையின் மேலே லயத்திலும் கீழே கிராமத்திலும் காத்திருந்த தாய்மாரின் கண்ணீர் ஒன்றுதான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "சுற்றிவளைப்பிலும் சோதனைச்சாவடியிலும் நமது பிள்ளைகள் பட்டதை மறந்துவிட்டு இராணுவத்தினருக்கு உதவுவதா?" மறக்கத் தேவையில்லை. காயமுற்றவருக்குத் தண்ணீர் கொடுப்பது அவர் செய்த போரை ஏற்றுக்கொள்வதாகாது. நடந்த அநீதிக்கு நியாயம் கேட்கும் உரிமையும் அதனால் குறைவதில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதே இப்பாடத்தின் அடிப்படை.

2. சரித்திரம் கற்பித்தவை

1859 ஜூன் 24ஆம் திகதி இத்தாலியில் சொல்பரீனோ என்ற இடத்தில் பெரும் போர் நடந்தது. காயமுற்ற ஆயிரக்கணக்கானோர் அருகிலிருந்த கஸ்திலியோனே என்ற சிற்றூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த ஊர்ப் பெண்கள் யாருடைய சீருடை என்று பாராமல் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள், புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். அவர்களோடு நின்று உழைத்த ஹென்றி டியூனன்ட் என்ற வர்த்தகரின் முயற்சியால் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. 1864இல் முதலாவது ஜெனீவா உடன்படிக்கை வந்தது. 1949இன் உடன்படிக்கை, காயமுற்றவரைப் பராமரித்ததற்காக எவரையும் தண்டிக்கக்கூடாது என்று கூறுகிறது. உள்நாட்டுப் போரிலும் ஆயுதத்தைக் கைவிட்டவரையும் காயமுற்றவரையும் மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும் என்பது அதன் விதி.

இதற்கு நேர்மாறானதும் நமது மாவட்டத்தில் நடந்தது. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கூட்டம் புகுந்தது. அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த நிராயுதபாணிகளான தமிழ் இளைஞர்களில் 25க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஆயுதமில்லாதவனைப் பகைவனாகவே பார்த்தால் அயலவரும் கொலைகாரராவர் என்பதற்கு இது சாட்சி.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டன. நமது மக்களைத் தேடிச் சேற்றைத் தோண்டியவர்களில் படைவீரர்களும் இருந்தார்கள். இந்த மூன்றையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

3. நாம் செய்யக்கூடியவை

அ) தூரத்தில் பணிபுரிபவரின் வீடு: மகனோ கணவனோ முகாமிலோ, வெளிநாட்டு அமைதிகாக்கும் பணியிலோ இருக்கும்போது வீட்டுச்சுமை முழுவதும் பெண்ணின் தலையில் விழுகிறது. கூரை ஒழுகினால் ஓடு மாற்ற ஆளில்லை. பிரசவ வலி வந்தால் இரவில் வாகனம் பிடிக்க ஆளில்லை. "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் "வேண்டாம்" என்றே பதில் வரும். "ஞாயிற்றுக்கிழமை விறகு கொண்டுவருகிறேன்", "கிளினிக்குக்கு நான் கூட வருகிறேன்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள், சொன்னதைச் செய்யுங்கள்.

ஆ) கால் இழந்தவர்: ஜெய்ப்பூர்க் கால் 1960களின் இறுதியில் இந்தியாவில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேதியும் உருவாக்கியது. இதை அணிந்து சேற்றில் நடக்கலாம், குந்தி உட்காரலாம், ஆகவே நமது மலைப்பாதைக்கு ஏற்றது. கொழும்பில் ஃபிரெண்ட் இன் நீட் சொசைட்டி 1985 முதல் இதைச் செய்து வருகிறது. வடக்கில் யாழ். ஜெய்ப்பூர் நிறுவனம் உண்டு. செயற்கைக் கால் ஒருமுறை பெற்றால் போதாது. அது தேயும், உடல் மெலிந்தாலும் பருத்தாலும் பொருந்தாமற்போகும். பழைய காலை வலியோடு மாட்டிக்கொண்டிருப்பவரைக் கண்டால் பயணத்துக்குத் துணை தேடிக் கொடுங்கள். கால் துண்டிக்கப்பட்ட இடத்தை நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். புண்ணோ சிவப்போ கண்டால் வைத்தியரிடம் காட்டும்வரை செயற்கைக் காலை அணியக்கூடாது. செங்குத்தான படிக்கட்டுக்கு மூங்கிலாலோ இரும்புக் குழாயாலோ ஒரு கைப்பிடி அமைப்பது இளைஞர் கழகத்துக்கு ஒரு நாள் சிரமதான வேலை.

இ) மனக்காயம்: நித்திரையின்மை, திடீர்க் கோபம், தனிமை, மதுப்பழக்கம் ஆகியவை போரின் மிச்சமாக இருக்கலாம். இதைப் பேய் என்றோ கெட்ட குணம் என்றோ தள்ளிவிடாதீர்கள். தீபாவளிக்கும் கல்யாண வீட்டிலும் பட்டாசு கொளுத்துமுன் அந்த வீட்டுக்கு ஒரு சொல் சொல்லுங்கள். "எத்தனை பேரைச் சுட்டாய்?" என்று கேட்கவே வேண்டாம். அவராகப் பேசினால் பொறுமையாகக் கேளுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம்.

ஈ) காணாமற்போனவரின் குடும்பம்: கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாசவின் மகன் ஓர் இராணுவ அதிகாரி. 1998இல் கிளிநொச்சிப் போரில் காணாமற்போனார். அத்தாய், காணாமற்போன படைவீரரின் பெற்றோரை ஒன்றுசேர்த்தார். 2000இல் போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கத்தை அமைத்துத் தமிழ்த் தாய்மாரோடும் ஒரே பாயில் அமர்ந்தார். மரணமும் உறுதியாகாமல் வரவும் நிச்சயமில்லாமல் வாழும் வேதனை இரு பக்கமும் ஒன்றே என்பதை அவர்கள் உணர்ந்தார்கள்.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போனோர் அலுவலகம் உருவாக்கப்பட்டது. படைவீரரின் குடும்பமும், மறுதரப்பில் காணாமற்போனவரின் குடும்பமும், பொதுமகனின் குடும்பமும் அங்கே முறையிடலாம். மரணச் சான்றிதழ் பெற மனம் ஒப்பாதவர்கள், ஒருவர் காணாமற்போயுள்ளார் என்பதற்கான சான்றிதழைக் கோரலாம். சொத்து, வங்கிக் கணக்கு போன்ற அலுவல்களுக்கு அது பயன்படும். எழுதத் தெரிந்த ஒருவர் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, அலுவலகத்துக்கும் கூடப்போவது பேருதவி.

உ) இரத்ததானம்: போர்க்காலத்தில் மட்டும் தேவைப்படுவதன்று. 18 முதல் 60 வயது வரையான, 50 கிலோவுக்குக் குறையாத நிறையுள்ள ஆரோக்கியமானவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். கொழுந்து பறிக்கும் பெண்களிடம் இரத்தசோகை அதிகம். பரிசோதனையில் இரத்தம் குறைவு என்றால் மனம் தளராமல் முதலில் சிகிச்சை பெறுங்கள்.

4. தவிர்க்க வேண்டியவை

கணக்குக் காட்டாமல் பணம் சேர்க்காதீர்கள். உதவி கொடுத்துப் படம் எடுத்து மாட்டாதீர்கள். இளம் விதவையின் வீட்டுக்கு ஆண்கள் தனியே போகாமல் பெண்களோடு போங்கள். அவள் நல்ல சேலை உடுத்தினாலும் சடங்குக்கு வந்தாலும் குறை சொல்லும் வாயை அடக்குங்கள். நட்டஈட்டுப் பணத்தைக் குறிவைத்து வரும் தரகர்களைப் பற்றி எச்சரியுங்கள்.

5. குழுவில் கலந்துரையாட

• நமது தோட்டத்திலும் அடுத்த கிராமத்திலும் போரால் உடலுறுப்பையோ உறவையோ இழந்த வீடுகள் எத்தனை? அவற்றில் எத்தனை வீட்டு வாசலை நாம் மிதித்திருக்கிறோம்?

• எதிர்த்தரப்பில் நின்றவரின் வீட்டுக்கு உதவ நம்மைத் தடுப்பது எது? பயமா, கோபமா, ஊர்ப்பேச்சா?

• அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு வீட்டைத் தெரிவு செய்யுங்கள். யார், எந்த நாளில், என்ன செய்வது என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். செய்தீர்களா என்பதை அடுத்த கூட்டத்தில் முதலாவதாக வாசியுங்கள்.