அச்சுப்பொறி நின்றது ஏன்?

நேற்றுவரை நன்றாக வேலை செய்த அச்சுப்பொறி இன்று ஒரு தாளைக்கூட அச்சிடவில்லை. கம்பி அறுந்து போகவில்லை. மையும் தீர்ந்து போகவில்லை. இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். கணினியின் லினக்ஸ் இயங்குதளம் புதிய பதிப்புக்கு மேம்படுத்தப்பட்டது. லினக்ஸைப் பயன்படுத்தும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வீடுகளிலும் இந்தச் சிக்கல் அவ்வப்போது தலைகாட்டுவதுண்டு.

இந்நிலையில் பலர் அவசரப்பட்டு முடிவெடுக்கின்றனர். அச்சுப்பொறி கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்குவோர் சிலர். இயங்குதளத்தையே அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவோர் வேறு சிலர். முதல் முடிவால் பணம் விரயமாவதோடு, பழுதில்லாத பொறி ஒன்று மின்கழிவாகிறது. இரண்டாவது முடிவால் ஒரு நாள் உழைப்பு வீணாகலாம். சிக்கலோ தீராமலே இருக்கலாம். நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பிறகே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டும் வழி. கணினிக்கும் அது பொருந்தும்.

ஒரு பக்கத்தின் பயணம்

காரணத்தைத் தேடுவதற்கு முன், ஒரு பக்கம் கணினியிலிருந்து தாளுக்கு எப்படிச் செல்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். லினக்ஸில் அச்சிடும் பணியைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருளின் பெயர் கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் என்பவர் உருவாக்கிய இம்மென்பொருள் 1999ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினிகளும் இதையே பயன்படுத்துகின்றன.

பயனர் அச்சிடும் பொத்தானை அழுத்தியதும், ஆவணம் கப்ஸிடம் சென்று வரிசையில் காத்திருக்கும். அதன் முறை வரும்போது, வடிகட்டிகள் எனப்படும் சிறு நிரல்கள் அதை அச்சுப்பொறிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும். குறிப்பிட்ட பொறிக்கு உரிய மொழியை அறிந்த மென்பொருளே இயக்கி எனப்படுகிறது. மாற்றப்பட்ட தகவல் யூஎஸ்பி கம்பி வழியாகவோ வலையமைப்பு வழியாகவோ அச்சுப்பொறியை அடையும். இப்படிப் பலரின் கைமாறிச் செல்லும் கடிதத்தைப் போன்றது அந்தப் பக்கம். இடையில் ஒருவர் கைவிட்டாலும் கடிதம் போய்ச் சேராது.

மேம்படுத்தும்போது நிகழ்வது என்ன?

இயங்குதளத்தை மேம்படுத்தும்போது நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் ஒரே சமயத்தில் புதுப்பிக்கப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஒன்றோடொன்று ஒத்துப்போகுமாறு முன்னரே சோதித்துப் பார்க்கப்பட்டவை. அந்தத் தொகுப்புக்கு வெளியே இருந்து வந்த மென்பொருளோ பழைய நிலையிலேயே நின்றுவிடுகிறது. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

எடுத்துக்காட்டாக, எச்பி நிறுவனத்தின் சில லேசர் அச்சுப்பொறிகளுக்குத் திறந்த மூல இயக்கி மட்டும் போதாது. செருகுநிரல் ஒன்றும் தேவை. மூல நிரல் வெளியிடப்படாத அச்செருகுநிரலின் பதிப்பு எண்ணும் இயக்கியின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மேம்படுத்தலின்போது இயக்கி புதியதாகிவிடுகிறது. செருகுநிரல் பழையதாகவே இருக்கிறது. இரண்டும் பொருந்தாததால் அச்சிடும் பணி பாதியில் நின்றுவிடுகிறது. செருகுநிரலை மீண்டும் நிறுவினால் சிக்கல் தீர்ந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. தனி இயக்கி இல்லாமலேயே அச்சிடும் முறை இப்போது பரவி வருகிறது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த டெபியன் 11 பதிப்பில், யூஎஸ்பி வழி இணைக்கப்பட்ட புதிய வகை அச்சுப்பொறிகளை இம்முறையில் இயக்கும் சேவை ஒன்று சேர்க்கப்பட்டது. அச்சேவை யூஎஸ்பி இணைப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். அதனால், முன்பு அமைக்கப்பட்ட பழைய வரிசையால் அதே பொறியை அணுக இயலாமல் போகலாம். பழைய வரிசையை நீக்கிவிட்டு அச்சுப்பொறியைப் புதிதாகச் சேர்ப்பதே இதற்குத் தீர்வு.

படிப்படியாகத் தேடுதல்

முதலில், அச்சுப்பொறி நல்ல நிலையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான பொறிகளில் உள்ள பொத்தான்களைக் கொண்டே சோதனைப் பக்கம் ஒன்றை அச்சிடலாம். இதற்குக் கணினியின் உதவி தேவையில்லை. அந்தப் பக்கம் தெளிவாக வந்துவிட்டால், பொறியில் பழுதில்லை என்பது உறுதி.

இரண்டாவதாக, கணினியின் கண்ணுக்கு அச்சுப்பொறி தெரிகிறதா என்று அறிய வேண்டும். யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் கட்டளை லினக்ஸில் உள்ளது. அப்பட்டியலில் அச்சுப்பொறியின் பெயர் இல்லையென்றால், கம்பியையோ இணைப்புத் துளையையோ மாற்றிப் பார்க்கலாம். வலையமைப்பு அச்சுப்பொறியாக இருந்தால், அதன் முகவரி மாறியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, கப்ஸ் இயங்குகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். கணினியின் இணைய உலாவியிலேயே கப்ஸின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கலாம். 631 என்ற எண் அதன் வாயில். பக்கம் திறக்கவில்லையென்றால், கப்ஸ் சேவை நின்றிருக்கக்கூடும். அதை மீண்டும் தொடங்க வேண்டும். பக்கம் திறந்தால், அங்கே வரிசையின் நிலையைக் காணலாம். ஒரு முறை தோல்வி ஏற்பட்டதும் வரிசையை நிறுத்திவைக்கும் வழக்கம் சில அமைப்புகளில் உண்டு. அதை மீண்டும் இயக்கினாலே சில வேளைகளில் காத்திருந்த பக்கங்கள் வரத் தொடங்கிவிடும்.

அதன் பிறகும் பணி நின்றால், நான்காவதாகப் பிழைப் பதிவேட்டைப் படிக்க வேண்டும். கப்ஸ் தான் சந்திக்கும் தடைகளை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. அதன் கடைசி வரிகளே மிகவும் முக்கியம். வடிகட்டி தோல்வியுற்றது என்ற செய்தி இருந்தால், இயக்கியிலோ செருகுநிரலிலோ குறை இருக்க வாய்ப்புண்டு. பொறியை அணுக முடியவில்லை என்ற செய்தி இருந்தால், இணைப்பை ஆராய வேண்டும். பலரும் படிக்காமல் கடந்து செல்லும் இந்த வரிகளில்தான் விடைக்கான தடயம் பெரும்பாலும் இருக்கிறது.

இவ்வளவையும் செய்யும்போது ஒரு விதியை மறக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்ய வேண்டும். அதன் விளைவைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே அடுத்த மாற்றத்துக்குச் செல்ல வேண்டும். ஒரே மூச்சில் ஐந்து மாற்றங்களைச் செய்தால், அச்சுப்பொறி இயங்கினாலும் எந்த மாற்றத்தால் இயங்கியது என்பது தெரியாது. அடுத்த முறை அதே சிக்கல் வரும்போது எல்லாவற்றையும் மறுபடியும் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிருக்கும்.

அச்சுப்பொறி தூண்டிய சிந்தனை

மென்பொருள் வரலாற்றில் அச்சுப்பொறிக்குத் தனி இடம் உண்டு. 1980ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வகம் ஒன்றுக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்து சேர்ந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. அங்குப் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், தாள் சிக்கியதும் காத்திருப்போருக்குச் செய்தி அனுப்பும் வசதியைச் சேர்க்க விரும்பினார். முன்பிருந்த அச்சுப்பொறிக்கு அத்தகைய வசதியை அவர் செய்து கொடுத்திருந்தார். புதிய பொறியின் மூல நிரலோ அவருக்குக் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரும், இரகசிய ஒப்பந்தத்தைக் காரணம் காட்டித் தர மறுத்துவிட்டார்.

ஒரு கருவியைச் சீராக்கும் திறமை இருந்தும், அதன் உள்ளே பார்க்க உரிமை இல்லாத நிலை ஸ்டால்மனை ஆழ்ந்து சிந்திக்க வைத்தது. 1983ஆம் ஆண்டில் அவர் க்னூ திட்டத்தை அறிவித்தார். யாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய மென்பொருளை உருவாக்குவதே அதன் நோக்கம். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். க்னூ மென்பொருள்களும் லினக்ஸ் கருவும் இணைந்து முழுமையான இயங்குதளமாயின.

இன்று லினக்ஸ் பயனர் ஒருவர் பிழைப் பதிவேட்டைத் திறந்து படிக்கிறார். விரும்பினால் கப்ஸின் மூல நிரலையும் பார்க்கிறார். அன்று ஸ்டால்மனுக்கு மறுக்கப்பட்ட உரிமை அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால், கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே சென்று பார்க்கும் பொறுமையும் வேண்டும். அந்தப் பொறுமை உள்ளவர், பழுதில்லாத பொறியைக் குப்பையில் போடமாட்டார்.