மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்க்க 18 குறிப்புகள்

கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது பெயரையும் நட்சத்திரத்தையும் தயங்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த நட்சத்திரத்தை வானத்தில் காட்டச் சொன்னால் நம்மில் பலருக்குத் தெரியாது. பஞ்சாங்கத்தில் உள்ள 27 பெயர்களும் வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய விண்மீன்களின் பெயர்கள்தான். பெயர்கள் ஏற்கெனவே நம் வாயில் இருக்கின்றன. ஆளை அடையாளம் கண்டுகொள்வதுதான் பாக்கி. அதற்குத் தொலைநோக்கி தேவையில்லை, பணச் செலவும் இல்லை. தமிழ்நாட்டு வானத்துக்குப் பொருந்தும் குறிப்புகள் இதோ:

1. நாள் பார்த்துத் தொடங்குங்கள். நிலா வெளிச்சத்தில் சிறிய மீன்கள் மறைந்துவிடும். தேய்பிறை சஷ்டியிலிருந்து வளர்பிறை சதுர்த்தி வரை உள்ள நாட்கள் முன்னிரவில் பார்க்க ஏற்றவை. தேய்பிறை சஷ்டிக்குப் பிறகு நிலா இரவு பத்து மணிக்கு மேல்தான் உதிக்கும். திதி தினசரி நாள்காட்டியிலேயே இருக்கும்.

2. ஜனவரி முதல் மே வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேகம் குறுக்கே நிற்கும். ஆனாலும் மழை ஓய்ந்து மேகம் கலைந்த இரவைத் தவறவிடாதீர்கள். தூசி அடங்கி, வானம் கழுவித் துடைத்ததுபோல் துலக்கமாக இருக்கும்.

3. தெருவிளக்கை மறைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கம் பாயை விரித்துப் படுத்துப் பாருங்கள்; கழுத்து வலிக்காது. கோடையில் தளம் இரவிலும் சுடும், சாயங்காலமே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி வையுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் அண்ணாந்தபடி நடக்கவே கூடாது. குழந்தைகளைப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள்.

4. கண்ணுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை செல்போன் திரையைப் பார்த்தாலும் அத்தனையும் வீண். வெளிச்சம் வேண்டுமென்றால் டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டாக மடித்து ரப்பர் பேண்டு போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு ஒளி கண்ணின் பழக்கத்தை அதிகம் கெடுக்காது.

5. கையே அளவுகோல். கையை முழுக்க நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் 1 பாகை, நடுவில் உள்ள மூன்று விரல்கள் சேர்ந்து 5 பாகை, மடக்கிய முட்டி 10 பாகை, ஒரு சாண் ஏறக்குறைய 20 பாகை. குழந்தைக்குக் கை சிறியது, ஆனால் கையின் நீளமும் குறைவு. அதனால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஏறக்குறையச் சரியாக வரும்.

6. துருவ நட்சத்திரத்தைத் தாழ்வாகத் தேடுங்கள். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, அந்த ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து அவ்வளவு உயரத்தில் இருக்கும். சென்னையில் 13 பாகை, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. மதுரைக்காரர் வடக்கே பார்த்து அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்தில் தேட வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவர் மறைத்தால் தெரியாது. கவலை வேண்டாம், சூரியன் மறைந்த திசையை வைத்தே மற்ற திசைகளைக் கண்டுகொள்ளலாம்.

7. முதல் பாடம் ஓரியன் என்னும் வேட்டைக்காரன். வானம் முழுவதற்கும் 88 நட்சத்திர மண்டலங்கள் கொண்ட பட்டியலைச் சர்வதேச வானியல் ஒன்றியம் 1922-ல் ஏற்றுக்கொண்டது. அத்தனையும் ஒரே நாளில் தெரிய வேண்டியதில்லை. பிப்ரவரி நடுவில் இரவு எட்டு மணிக்குத் தெற்குப் பார்த்து நின்று அண்ணாந்து பாருங்கள். ஏறக்குறைய உச்சியில், ஒரே வரிசையில், சம இடைவெளியில் மூன்று மீன்கள். அது வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை. அதற்கு மேலே இடப்புறம் செம்மஞ்சளாகத் தெரிவது திருவாதிரை. கீழே வலப்புறம் நீலம் கலந்த வெள்ளையாக இருப்பது ரைஜெல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் நிற வேறுபாடு தெளிவாகத் தெரியும். சிவந்த மீன் வெப்பம் குறைந்தது, நீல மீன் வெப்பம் மிகுந்தது.

8. பட்டையிலிருந்து இரண்டு பக்கமும் கோடு போடுங்கள். மூன்று மீன்களின் வரிசையைத் தென்கிழக்காக நீட்டினால் சுமார் ஒரு சாண் தூரத்தில் சிரியஸ். இரவு வானத்து நட்சத்திரங்களில் மிகவும் பிரகாசமானது இதுதான், தொலைவு 8.6 ஒளியாண்டு. அதே வரிசையை வடமேற்காக நீட்டினால் செம்மஞ்சள் ரோகிணி. இன்னும் கொஞ்சம் போனால் கொத்தாகக் கார்த்திகை. அதில் எத்தனை மீன் தெரிகிறது என்று வீட்டில் ஒவ்வொருவரையும் எண்ணச் சொல்லுங்கள். பழந்தமிழர் இதை அறுமீன் என்றனர்; நல்ல இருட்டில் கூர்மையான கண்ணுக்கு ஆறுக்கு மேலும் தெரியும்.

9. தெற்கே அகத்தியரைப் பாருங்கள். அதே பிப்ரவரி இரவில், சிரியஸுக்கு வெகு கீழே, தென் அடிவானத்திலிருந்து இரண்டரை முட்டி உயரத்தில் தனியாக மின்னுவது அகத்தியர். பிரகாசத்தில் இதற்கு இரண்டாம் இடம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்கு மாடிப்படி ஏறினால் போதும்.

10. ஏப்ரல், மே மாதங்களில் சப்தரிஷி. வடக்கே நான்கு மீன்கள் கட்டமாகவும், மூன்று மீன்கள் வளைந்த வாலாகவும் இருக்கும். வாலின் நடுமீன் வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாக இருப்பது அருந்ததி. கல்யாணத்தில் பகல் வெளிச்சத்தில் காட்டும் அருந்ததியை இரவில் ஒருமுறை உண்மையாகவே பார்த்துவிடுங்கள். வாலின் வளைவை அப்படியே நீட்டினால் பளிச்சென்ற சுவாதி, இன்னும் நீட்டினால் வெண்ணீலச் சித்திரை. சித்திரைக்குப் பக்கத்தில் கோணல் நாற்கரமாக இருப்பது அஸ்தம். ஒரே வளைவில் மூன்று ஜென்ம நட்சத்திரங்கள் கைவசம்.

11. ஏப்ரலில் மகம் தலைக்கு மேலே. மாதத்தின் நடுவில் இரவு எட்டரை மணிக்கு உச்சி வானில் அரிவாள் வடிவில் சில மீன்கள் தெரியும். அதன் பிடியின் அடியில் உள்ள பிரகாசமான மீன் மகம். இது சிம்ம ராசியின் தலைப்பகுதி. சிங்கத்தின் வால் நுனியில் இருப்பது உத்திரம்.

12. மே மாதம் தெற்குச் சிலுவை. மே நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே, அடிவானிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் நான்கு மீன்கள் சிலுவையாக நிற்கும். கடற்கரையிலோ வெட்ட வெளியிலோ நன்றாகத் தெரியும். இடப்புறம் உள்ள இரண்டு பிரகாசமான மீன்களில் கிழக்கே இருப்பது ஆல்பா சென்டாரி. சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம் அது, தொலைவு 4.3 ஒளியாண்டு.

13. ஜூன், ஜூலையில் தேள். பெயருக்குப் பொருத்தமான உருவம் கொண்ட மண்டலங்களில் விருச்சிகத்துக்கு முதலிடம் தரலாம். ஜூலை நடுவில் ஒன்பது மணிக்குத் தெற்கே நடுவானில் நிற்கும். தலையில் அனுஷம், நெஞ்சில் சிவந்த கேட்டை, வளைந்த கொடுக்கில் மூலம். வடக்கு நாடுகளில் கொடுக்கு அடிவானத்தில் மறைந்துவிடும். நமக்கு முழுத் தேளும் தெரியும். ஊரின் இருட்டான பகுதி என்றால் கொடுக்கை ஒட்டிப் பால்வெளி படர்ந்திருப்பதையும் காணலாம். செப்டம்பரில் எட்டு மணிக்குத் திருவோணம் உச்சிக்கு வந்துவிடும்.

14. நாள்காட்டித் தாளே வரைபடம். அன்றைய நட்சத்திரம் என்று அதில் அச்சிட்டிருப்பது, நிலா அன்று வானத்தின் எந்தப் பகுதியில் நிற்கிறது என்பதைத்தான். ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய நான்கும் நிலாவின் பாதையை ஒட்டிய பிரகாசமான மீன்கள். அந்தப் பெயர் போட்ட நாளில் நிலாவுக்கு அருகே தேடினால் எளிதில் அகப்படும். சுவாதியும் திருவோணமும் நிலாவின் பாதையிலிருந்து வெகுதூரம் வடக்கே தள்ளியிருப்பதால் அவற்றுக்கு இந்த வழி உதவாது. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் எல்லாம் பௌர்ணமியை ஒட்டி நிலா அந்தந்த நட்சத்திரத்தில் நிற்கும் நாட்கள்தான்.

15. மின்னாதது கோள். நட்சத்திரம் சிமிட்டும், கோள் பெரும்பாலும் நிலையாக ஒளிரும். மாலையில் மேற்கேயோ விடியலில் கிழக்கேயோ கண்ணைப் பறிப்பது வெள்ளி. நள்ளிரவில் நடுவானில் அதைப் பார்க்கவே முடியாது. வியாழன் ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய ஓர் ஆண்டும், சனி இரண்டரை ஆண்டும் எடுத்துக்கொள்ளும். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி செய்தியைப் படித்ததும் அந்த ராசி வானத்தில் எங்கே என்று பார்த்தால் கோள் கிடைத்துவிடும்.

16. தினம் 4 நிமிடம் முன்னதாக. ஒரு நட்சத்திரம் இன்று ஒன்பது மணிக்கு உதித்தால் நாளை 8.56-க்கே உதிக்கும், ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம் முந்திவிடும். ஆகவே மேலே சொன்ன மாதத்துக்கு முந்தைய மாதம் பார்ப்பவர்கள் இரண்டு மணி நேரம் தாமதமாகப் பாருங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், திசை எழுதி, பார்த்த மீன்களைப் புள்ளி வைத்து வரைந்துகொள்ளுங்கள். கை வரைந்ததை மனம் மறக்காது.

17. தொலைநோக்கிக்கு அவசரம் வேண்டாம். முதலில் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் போதும். கையைச் சுவரில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய நிலாக்களைப் புள்ளிகளாகக் காணலாம். ஓரியனின் பட்டைக்குக் கீழே உள்ள ஒளிமேகமும், கார்த்திகையின் பல மீன்களும் தெரியும். பகலில் இதைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, பார்வை போய்விடும். செல்போனில் ஸ்டெல்லேரியம் செயலி இருந்தால், முதலில் நீங்களே ஊகித்துவிட்டுப் பிறகு சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

18. விடுமுறையில் போய்ப் பாருங்கள். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் பயன்பாட்டுக்கு வந்தது. வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டையும் பார்க்கும்படி அமைந்த இடம் அது. சென்னை கோட்டூர்புரத்திலும் திருச்சியிலும் கோளரங்கங்கள் உள்ளன. போவதற்கு முன் பார்வையாளர் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் ஒவ்வொருவரும் தன் ஜென்ம நட்சத்திரத்தைக் கண்டுபிடிப்பது என்று வைத்துக்கொண்டால் ஓராண்டில் வானம் பழகிவிடும். கூடவே ஒரு வேண்டுகோள்: வாசலிலும் மாடியிலும் தேவையில்லாமல் எரியும் விளக்கை இரவில் அணைத்துவிடுங்கள். போட்டே ஆக வேண்டிய விளக்குக்கு, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி மூடி போடுங்கள். மின்கட்டணமும் குறையும், தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வானமும் தெரியும்.