நம் ஓவியங்களுக்கு ஓர் இணைய இல்லம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் பெரியோர் சொல்லும் பழமொழி. எழுதிய சித்திரத்தைக் காத்து வைக்கவும், பிறருக்குக் காட்டவும்கூட ஒரு சுவர் வேண்டும் என்பதை இவ்வாண்டு நாங்கள் கற்றுக்கொண்டோம். அந்தச் சுவரே இணையதளம். ஓவியர் ஒருவர் தம் படைப்புகளில் சிறந்தவற்றைத் தொகுத்து வைப்பதைப் போர்ட்ஃபோலியோ என்பர். அதனை இணையத்தில் அமைப்பது எவ்வாறு என்று அறிய, ஓவிய மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் ஐவரும் சில ஓவியர்களின் தளங்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். அதில் கண்டவற்றை இக்கட்டுரையில் கூற விழைகிறோம்.

எங்களைத் தூண்டிய நிகழ்ச்சி

சென்ற ஆண்டுக் கண்காட்சியில் எங்கள் தோழி ஒருத்தி வரைந்த படம் எல்லோருடைய பாராட்டையும் பெற்றது. திராட்சைப் பந்தலின் கீழ் பெண்கள் நிமிர்ந்து நின்று குலை வெட்டும் காட்சி அது. அவள் அன்னையார் தோட்ட வேலைக்குச் செல்பவர். பந்தலைப் பார்த்துப் பார்த்து அவர் கழுத்து வலிப்பதைக் கண்டே அவள் அதை வரைந்தாள். வந்தவர்கள் பலர் கைபேசியில் படம் பிடித்துச் சென்றனர். ஐப்பசி மழையில் அவள் வீட்டுக் கூரை ஒழுகி மூலப்படம் பாழாயிற்று. இரண்டு மாதம் கழித்து, ஒரு கடை திறப்பு விழாவுக்கு வைத்திருந்த பெரிய பேனரில் அதே படம் நின்றது! அதில் கடைக்காரர் பெயர் இருந்தது. அவர் உறவினர் அனைவரின் பெயரும் இருந்தன. வரைந்தவள் பெயர் மட்டும் இல்லை. அவ்வழியே வேலை முடிந்து வந்த அன்னையார், "ஏத்தா, இது நீ போட்ட படந்தான? ஒம் பேரக் காணமே!" என்று கேட்டாராம். அவளால் பதில் சொல்ல இயலவில்லை. நாங்களும் அன்று பதில் அறியோம்.

நாங்கள் பார்த்த தளங்கள்

சனிக்கிழமைதோறும் கணிப்பொறி அறையில் அமர்ந்து பார்க்க சிஸ்டர் அனுமதி தந்தார். ஒரு நோட்டில் நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டோம். வரைந்தவர் யார் என்று உடனே தெரிகிறதா? எப்போது, எங்கே, எதனால் வரைந்தார் என்று கூறப்பட்டுள்ளதா? தேடுவது எளிதில் கிடைக்கிறதா? மேகமலை அடிவாரம் போல் இணைப்பு மெதுவாக உள்ள இடத்திலும் திறக்குமா?

முதலில் வின்சென்ட் வான்கோ. 1853இல் நெதர்லாந்தில் பிறந்து 1890இல் மறைந்த இவருடைய கடிதங்களுக்கென்றே ஒரு தளம் 2009இல் தொடங்கப்பட்டது. அவர் எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாக 902 கடிதங்கள் அதில் உள்ளன. மூலக் கடிதத்தின் படத்தையும், அதன் மொழிபெயர்ப்பையும், அதில் குறிப்பிடப்படும் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காணலாம். 1888 அக்டோபரில் தம் படுக்கையறையை வரைந்தபோது, அதன் சிறு கோட்டுப் படத்தைத் தம்பி தியோவுக்கு அனுப்பிச் சுவருக்கு என்ன நிறம், கதவுக்கு என்ன நிறம் என்றெல்லாம் எழுதினார். அதைப் படித்த பின் அந்த ஓவியத்தைப் பார்த்தால் வேறொரு படம் போல் தோன்றுகிறது. படத்திற்கு அருகில் வரைந்தவரின் சொந்தச் சொல் ஒரு வரி இருந்தாலும் போதும் என்று இங்கே கற்றோம்.

இரண்டாவது, 1937இல் இங்கிலாந்தில் பிறந்த டேவிட் ஹாக்னி. அவருடைய தளத்தில் படைப்புகள் வண்ண ஓவியம், கோட்டோவியம், புகைப்படம், மேடை அமைப்பு என்று வகை வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வாழ்க்கை நிகழ்ச்சிகள் ஆண்டு வரிசையில் தனியே உள்ளன. 2009ஆம் ஆண்டளவில் அவர் கைபேசியிலேயே விரலால் பூக்களை வரைந்து நண்பர்களுக்கு அனுப்பினார் என்பதை அறிந்து வியந்தோம். எத்தனை படங்கள் இருந்தாலும் ஒழுங்கு இருந்தால் வழி தவறாது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியும் அப்படித்தானே! மிளகு இருக்கும் குழியில் கை தானாகப் போகிறது.

மூன்றாவது பேங்க்சி. சுவர்களில் இரவோடு இரவாக வரைந்துவிட்டு மறையும் இவர் தம் முகத்தை வெளியிடுவதில்லை. இவருடைய தளத்தில் படங்களே மிகுதி; விளக்கம் மிகக் குறைவு. ஆயினும் உலகில் எங்கேனும் ஒரு சுவரில் புதிய படம் தோன்றினால், அது அவருடையதுதானா என்று அறிய மக்கள் அவருடைய இணையப் பக்கங்களையே பார்க்கின்றனர். முகமும் முகவரியும் காட்டாமலே, "இது என் படைப்பு" என்று உறுதி சொல்லலாம் என்பது பெண்பிள்ளைகளாகிய எங்களுக்கு மிகவும் பயன்பட்ட பாடம்.

நான்காவது நம் சென்னைக்கு அருகிலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் அவர்களும் மாணவர்களும் 1966இல் கடலோரத்தில் இதனை நிறுவினர். ஓவியம் மட்டும் சோறு போடாது என்பதால் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று வாழ்ந்தனர். இக்கிராமத்தின் தளம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பல கலைஞர்கள் ஒரே வாசலில் நிற்கின்றனர். தனித்தனியே தளம் அமைக்க வசதி இல்லாத எங்களுக்கு இதுவே முன்மாதிரி ஆயிற்று.

ஐந்தாவதாக ஓவியர் இளையராஜா. நம் மாவட்டத்துப் பண்ணைப்புரம் தந்த இசைஞானி அல்லர். இவர் கும்பகோணம் பகுதியைச் சேர்ந்த ஓவியர். கிராமத்துப் பெண்களை உயிருள்ளவர் போல வரைந்த இவர் 2021 ஜூன் மாதம் கொரோனாவால் மறைந்தார். இவருடைய ஓவியங்கள் கைபேசியில் காலை வணக்கப் படங்களாகச் சுற்றி வருகின்றன. அவற்றைப் புகைப்படம் என்றே நம்பியிருந்தவர்கள் எங்கள் ஐவரில் மூவர்! பெயர் படத்தைவிட்டுப் பிரிந்தால் எத்துணை பெரிய கலைஞருக்கும் இதுவே நிலை.

நம் மண்ணில் ஒரு சான்று

படத்தோடு பெயர் சேர்ந்திருக்க வேண்டும் என்பது இன்று வந்த எண்ணமா? இல்லை. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டனர். தமிழ் பிராமி எழுத்துள்ள அவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், உயிர்விட்ட அந்தவன் என்பானுக்கு எடுத்த கல். பெயர், ஊர், நிகழ்ச்சி மூன்றும் சில சொற்களில் அடங்கிவிட்டன. அதனால்தான் அந்தவனை இன்றும் அறிகிறோம். ஆனால் அந்த எழுத்தைக் கல்லில் வெட்டிய கைக்கு உரியவர் யார்? அவர் பெயர் அதில் இல்லை. நாள்தோறும் நம் வாசலில் கோலமிடும் அன்னையர் பெயரும் எங்கும் இல்லை.

எங்கள் தளத்தின் திட்டம்

கண்டவற்றையெல்லாம் சேர்த்துக் கீழ்க்காணும் விதிகளை வகுத்தோம்.

1. படம் எடுத்தல்: காலை வெளிச்சத்தில், நேர்வெயில் படாத தாழ்வாரத்தில், தாளைச் சமமாக வைத்து, கைபேசியைத் தாளுக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். பிளாஷ் கூடாது. கண்காட்சிக்கு வைக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். தோழியின் படத்தில் எங்களிடம் எஞ்சியது, ஒருவர் நிழல் விழுந்த கோணல் பிரதி ஒன்றே!

2. அளவு: கைபேசியில் எடுத்த படம் நான்கைந்து மெகாபைட் வரை இருக்கும். அதை இருநூறு, முந்நூறு கிலோபைட்டாகச் சுருக்கினால் மெதுவான இணைப்பிலும் திறக்கும். முழு அளவுப் பிரதியைத் தனியே இரண்டு இடங்களில் காக்க வேண்டும்.

3. குறிப்பு: பெயர், ஆண்டு, ஊர், வண்ணம், தாளின் நீள அகலம், வரைந்த காரணம் ஒரு வரி. இவற்றைப் படத்தின் மேல் எழுதாமல் தட்டச்சு எழுத்தாகவே தரவேண்டும். அப்போதுதான் தேடுபவர்க்குக் கிடைக்கும். படத்தின் ஓரத்தில் சிறிய கையொப்பமும் இருக்கட்டும். தளத்தைவிட்டுப் படம் வெளியே போனாலும் பெயர் உடன் செல்லும்.

4. வருணனை: படத்தில் என்ன உள்ளது என்று இரண்டு வாக்கியம் எழுதி இணைத்தால், பார்வையற்றவர்க்கும் எழுத்தறியாதவர்க்கும் கருவி அதை உரக்கப் படித்துக் காட்டும்.

5. எண்ணிக்கை: ஒருவருக்கு ஆறு படங்களுக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் காட்டினால் எதுவும் மனத்தில் நிற்பதில்லை.

6. பாதுகாப்பு: எங்கள் முகப்படம், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எதுவும் இடம்பெறாது. பெயரும் வகுப்பும் மட்டுமே. கேட்பவர்கள் ஓவிய ஆசிரியை வழியாகவே கேட்கலாம். பெற்றோர் கையொப்பமிட்ட ஒப்புதல் இல்லாமல் எவர் படமும் ஏறாது.

7. உரிமை: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தைப் பதிவு செய்யாவிட்டாலும் வரைந்தவருக்கே அது உரியது. அவர் வாழ்நாளும், அதன்பின் 60 ஆண்டுகளும் அவ்வுரிமை நிற்கும். தம் பெயரைச் சொல்லிக்கொள்ளும் உரிமையைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தருகிறது. சிறுமி என்பதால் இவ்வுரிமை குறைவதில்லை. ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், "அனுமதி பெற்று, பெயருடன் பயன்படுத்துக" என்று எழுதுகிறோம். நாமும் பிறர் படத்தை அனுப்பும்போது இவ்வாறே நடக்க வேண்டும் அல்லவா?

முடிவுரை

பெற்றோர் கூட்ட நாளன்று, இன்னும் வெளியிடாத எங்கள் தளத்தைக் கணிப்பொறி அறையில் காட்டினோம். தோழியின் அன்னையார் எழுத்தறியாதவர். தயங்கியே வந்து அமர்ந்தார். நிழல் விழுந்த அந்தப் படத்தைத் திறந்து வருணனையை ஒலிக்கச் செய்தோம். மகளின் பெயரைக் கணிப்பொறி சொன்னதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "கம்பத்துத் திராட்சைத் தோட்டம்" என்று அது தொடர்ந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "கம்பமில்லத்தா! அது சுருளிப்பட்டித் தோட்டமுல்ல? அன்னைக்கு நீ சோறு கொண்டாந்தப்பப் பாத்தது" என்றார். அங்கேயே திருத்தினோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வரைந்தது மகள், வரையப்பட்ட உழைப்பு அன்னையுடையது. இருவரையும் கேட்டுத்தான் குறிப்பு முழுமை பெற்றது. ஆகவே தோழியரே! அடுத்த ஆண்டு கண்காட்சிக்குப் படம் தரும் முன், அதன் பின்புறம் உங்கள் பெயரையும், ஆண்டையும், ஊரையும் எழுதுங்கள். ஊர் சரிதானா என்று வீட்டில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் இணைய இல்லத்தின் முதற் கல்லாகும்.