யார் தட்டுக்கு?

அன்பு மருமகளுக்கு,

வேளாண் படிப்பு முடிந்த கையோடு, சோழபுரத்திலேயே கம்பு, குதிரைவாலி அரைத்து விற்கப் போவதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. என்ன பெயர் வைக்கலாம், பாக்கெட் எப்படி இருக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால், இது யார் தட்டுக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கும் மாநிலம் இது. வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறவில்லை.

சிறுதானியம் தட்டை விட்டுப் போனது ஏன் என்பதையும் பார். கொல்லிமலையில் சாமையும் தினையும் குறைந்து மரவள்ளி பரவியதற்குக் காசு ஒரு காரணம். சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் பாடு இன்னொரு காரணம். அது முழுக்கப் பெண்கள் தலையில் விழுந்த வேலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நல்ல விதை கொடுத்ததோடு நிற்கவில்லை. உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்து, சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டது. சமைப்பவளின் பாட்டைக் குறைக்காத எந்தப் புதுமையும் அடுப்படிக்குள் நுழையாது.

அதே இயந்திரம் கெடுக்கவும் செய்யும். வெள்ளையாக இருந்தால்தான் விற்கும் என்று தீட்டித் தள்ளினால் சத்து தவிட்டோடு போய்விடும். கம்பில் கொழுப்பு அதிகம், மாவு சீக்கிரம் கசந்துவிடும். அதனால் வாரந்தோறும் புதிதாக அரைத்து ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் கடைகளுக்குப் போடு. கம்பிலுள்ள பைட்டிக் அமிலம் இரும்புச் சத்தை உடம்பில் நன்றாகச் சேரவிடாது. மாவைப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சினால் அது குறையும். கூடவே நெல்லிக்காய்த் துவையல் இருந்தால் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும். இதைப் பாக்கெட்டின் மேல் பெரிய எழுத்தில் அச்சடி.

ஆப்பிரிக்காவில் வைட்டமின் ஏ சத்துள்ள ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளியைப் பரப்பியவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. கொடியைக் கொடுத்ததோடு, குழந்தைக்கு அது ஏன் தேவை என்று தாய்மாரிடம் உட்கார்ந்து பேசியதாலும்தான் கிழங்கு தட்டுக்கு வந்தது. நீயும் அங்கன்வாடிக்குப் போ, சுயஉதவிக் குழுக் கூட்டங்களுக்குப் போ. கூழைக் காய்ச்சிக் கொடுத்து, குழந்தைகள் எதை மிச்சம் வைக்கிறார்கள் என்று பார்.

கணக்குப் புத்தகத்தில் விற்ற கிலோவுக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கும் எழுது: நம் ஊரில் எத்தனை வீடுகள் இந்த வாரம் இதைச் சமைத்தன? வெளியூர் விற்பனை ஏறி இந்த எண்ணிக்கை இறங்கினால், விலையைக் குறை, அளவைச் சிறிதாக்கு, சமையல் முறையை மாற்று. அந்த எண்ணிக்கை ஏறும் வரை விடாதே.

அன்புடன்,
மாமா